அம்மன் வண்டியும் சுரேந்திரனின் லைசனும்

சுரேந்திரனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. வாங்கில் உட்கார்ந்திருந்தாலும் வலது கை எதையோ முறுக்கும், கால் அங்கே இல்லாத பிரேக்கைத் தேடும். பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கத்துப் பிரிவு மேக்கணக்கு, அந்தப் பக்கத்துப் பிரிவு கீக்கணக்கு. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் தன் த்ரீவீலில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதுதான் அவன் பிழைப்பு. பிழைப்பாக இருந்தது என்று சொல்ல வேண்டும். போன வருஷம் கோர்ட்டு அவன் லைசனை வாங்கி வைத்துக்கொண்டது.

அநியாயமாக ஒன்றும் வாங்கவில்லை. மூன்று பேர் ஏறும் வண்டியில் ஏழு பிள்ளைகளை அடைத்தான், பொலிஸ் எழுதியது. வளைவில் வெள்ளைக் கோட்டைத் தாண்டி பஸ்ஸை முந்தினான், மறுபடியும் எழுதியது. இரண்டு தடவையும் தபால் கந்தோரில் தண்டத்தைக் கட்டினான், லைசன் கைக்கு வந்தது. தண்டத்தோடு பாவமும் கழிந்தது என்று நினைத்துக்கொண்டான். பொலிஸுக்கு அவனைவிட ஞாபகசக்தி அதிகம். மூன்றாவது தடவை அதே வளைவில் முந்தப் போய், எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரனை ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கிவிட்டான். அந்த ஆள் முழங்கால் சிராய்ப்போடு தப்பினார். இவனுக்கு ஒரு வருஷத் தடை.

“தடை முடியிற வரைக்கும் எந்த வாகனத்தையும் தொடாதீங்க” என்றார் லோயர். “நடுவுல ஓட்டிப் புடிபட்டா, அப்புறம் லைசனக் கனவுலதான் பாக்கணும்.”

அன்றைக்கே அவன் மனைவி விஜயகலா சாவியை அரிசி வாளிக்குள் புதைத்தாள். அவள் கொழுந்து பறிப்பவள். விடிந்ததும் மலைக்குப் போய்விடுவாள். அவள் தலை மறைந்ததும் இவன் அரிசியைத் துழாவிச் சாவியை எடுப்பான். த்ரீவீலில் ஏறி ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே உறுமவிட்டுக்கொண்டிருப்பான். லயத்து வீடுகள் அத்தனைக்கும் சத்தம் கேட்கும்போது, மலையில் நிற்கும் அவளுக்கு மட்டும் கேட்காதா?

“ஸ்டார்ட் பண்ணாட்டி பெட்டரி செத்துரும், கலா.”

“பெட்டரி செத்தா வேற வாங்கலாங்க. லைசன் செத்தா எங்க போயி வாங்குறது?”

எப்படியோ வருஷம் நகர்ந்தது. தடை முடிய ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில்தான் மாரியம்மன் திருவிழா வந்தது. அம்மன் டிரக்டரில் ஏறி மேக்கணக்கிலிருந்து மெயின் ரோட்டைத் தாண்டிக் கீக்கணக்குக்குப் போவாள். அந்த டிரக்டரை வருஷா வருஷம் ஓட்டியவன் சுரேந்திரன். கோயில் தலைவர் இராமசாமி வீட்டுக்கே வந்துவிட்டார்.

“நீயே ஓட்டு மாப்ள. அம்மன் வண்டிய மறிச்ச ஆள இந்தத் தோட்டம் பாத்ததில்ல. அந்தக் காலத்துல தொரையே ஜீப்ப விட்டு எறங்கி நிப்பாரு.”

“தொரை எறங்குவாரு மாமா. பொலிஸு எறங்குமா?” என்றாள் விஜயகலா.

கடைசியில் பிரதீபன் ஓட்டுவதென்று முடிவானது. தோட்டத்து லொறி ஓட்டுகிறவன், நல்ல பையன், கொஞ்சம் பதற்றக்காரன். சுரேந்திரன் பக்கத்தில் நடந்து வரச் சம்மதித்தான். நடந்தானா? குட்டி போட்ட பூனை மாதிரி டிரக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

மெயின் ரோட்டில் வாகனங்களை இரு பக்கமும் நிறுத்திவைத்து வழிவிட்டுக்கொண்டிருந்தவர், மோட்டார் சைக்கிள் கேஸில் இவனைக் கோர்ட்டுக்கு ஏற்றிய அதே பொலிஸ் சார்ஜன். சரியாக நடு ரோட்டில் டிரக்டர் நின்றுவிட்டது. பிரதீபன் திருகினான், இருமிவிட்டு அடங்கியது. தப்பு மேளம் ஓய்ந்தது. பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். யாரோ ஒரு பெண், “ஆத்தா நகர மாட்டேங்கிறாளே” என்று முனகினாள்.

இன்னும் இரண்டு திருகு திருகியிருந்தால் பிரதீபனே எடுத்திருப்பான். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. சுரேந்திரன் தாவி ஏறி, அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். அம்மன் வண்டியை யார் மறிக்கப்போகிறார்கள்? பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு அது, அவன் நெஞ்சில் ஊறிக் கிடந்தது. எஞ்சின் பிடித்தது. தப்பு மறுபடி முழங்கியது. பூ ஒன்றுகூட உதிராமல் அம்மனைக் கீக்கணக்கு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். அந்த வருஷத்தில் அவன் சந்தோஷமாக இருந்த நேரம் என்றால் அந்த நேரம்தான்.

சார்ஜனும் பின்னாலேயே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். பூசாரி கொடுத்த திருநீற்றை நெற்றியில் பூசிக்கொண்டார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு டிரக்டர் பக்கம் திரும்பினார்.

“சுரேந்திரன் நேத? லைசன் எக்க?” சுரேந்திரன்தானே, லைசன் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

இராமசாமி குறுக்கே வந்தார். “சேர், இது சாமி வண்டி.”

“சாமிக்கு லைசன் வேணாம், ஐயா” என்றார் சார்ஜன், தனக்குத் தெரிந்த தமிழில். “டிரைவருக்கு வேணும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் சங்கடத்தோடுதான் சொன்னார். எழுதவும் செய்தார்.

இந்த முறை கோர்ட்டு தடையை நீட்டவில்லை, லைசனையே ரத்துச் செய்தது. சில வருஷங்களுக்குப் புதிதாகக் கேட்கவும் முடியாது. தோட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றார் இராமசாமி. சாவியில் கை வைத்துக்கொண்டுதான் இருந்தேன் என்று பிரதீபன் கண்டவரிடமெல்லாம் சத்தியம் செய்தான்.

தீர்ப்பு வந்த மறுநாள் காலையில் விஜயகலா மலைக்குப் போகவில்லை. சுரேந்திரன் த்ரீவீலின் பின் சீட்டில், ஹயருக்கு வந்த ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவள் அரிசி வாளியிலிருந்து சாவியை எடுத்து வந்து நீட்டினாள்.

“ஸ்டார்ட் பண்ணி வைங்க. பெட்டரி செத்துரும்.”

அவன் கை நீளவில்லை. எந்நேரமும் எதையாவது முறுக்கிக்கொண்டிருந்த கை மடியில் சும்மா கிடந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

“சரி, எனக்குச் சொல்லிக் குடுங்க. எங்க திருகணும்? எல் போர்ட்டுக்கு நாளைக்கே எழுதிப் போடுறேன். புள்ளைங்கள நான் ஏத்துறேன்.”

அவன் பின் சீட்டிலிருந்து முன்னால் எக்கினான்.

“மொதல்ல ஒண்ணு” என்றான். “வளைவுல பஸ்ஸ முந்தாத.”

“அது எனக்குத் தெரியுங்க” என்றாள் அவள். “சாவிய எந்தப் பக்கம் திருகுறதுன்னு சொல்லுங்க.”