இளவரசனுக்குப் பயன் சொன்னவர்

புத்தூர்ப் பிள்ளையார் கோயிலில் புராணம் படித்தால் பயன் சொல்கிறவர் அருளம்பலம்தான். ஒருவர் பாட்டைப் படிப்பார், இவர் பொருளை விரித்துச் சொல்வார். அப்படிப்பட்ட மனிசன் வீட்டில் பறக்கும் யானையேறிய கதைப்புத்தக ராசாக்களுக்குப் பயன் சொன்னார் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

எல்லாம் கனடாவிலிருந்து வந்துபோன மகள் கஜானி விட்டுச்சென்ற புத்தகத்தால் வந்த வினை. தலையணை போல் மொத்தமான கற்பனைக் கதை. ஆழிமுடி என்று இல்லாத ஒரு நாடு, அதை ஆண்ட இல்லாத ஒரு வம்சம். மனைவி உதயகலாவுக்கு அது பிடித்துப்போயிற்று. விளக்கு வைத்ததும் உரக்க வாசித்துவிட்டு, "பயன் சொல்லுங்கோ" என்பாள்.

"உனக்கென்ன விசரே? யானை பறக்கிறதுக்கு என்னெண்டு பயன் சொல்லுறது?"

"அசுரன் மரமாய் நிண்டதுக்குக் கோயிலிலை சொன்னனீங்கள்தானே?"

மனிசன் செருமிக்கொண்டு பயன் சொல்லத் தொடங்கினார்.

கோயில் வழக்கத்தை அவள் இதற்கும் விடவில்லை. சாவில் புத்தகத்தை மூடக்கூடாது. கலியாணமோ முடிசூட்டோ வரும்வரை படிக்கவேண்டும். அந்தப் பாழாய்ப்போன வம்சத்திலோ பக்கத்துக்குப் பக்கம் சாவு. புட்டு ஆறிப்போய்விடும்.

அவர்களுடைய மகன் ஜெயரூபன் போர் முடிந்த ஆண்டில் காணாமற்போனவன். திவசம் செய்து பிள்ளையைக் கரையேற்றுவோம் என்று அருளம்பலம் கெஞ்சாத நாளில்லை. "உயிரோடை இருக்கிறவனுக்கு ஆர் எள்ளும் தண்ணியும் இறைக்கிறது?" என்று அவள் எழும்பிப் போய்விடுவாள். இரவில் வாசல் படலையைக் கொளுவிப் பூட்டவும் விடமாட்டாள்.

ஒரு மத்தியானம் அவர் புத்தகத்தை அவள் வாசித்த இடத்தைத் தாண்டிப் புரட்டிப் பார்த்தார். கடைசி இளவரசன் போருக்குப் போய்க் காணாமற்போகிறான். அடுத்த தாளில் அவனுடைய எலும்புகள் சதுப்பில் கிடைக்கின்றன. தாய் அழுது, கிரியை செய்து, ஆறுகிறாள். அவர் புத்தகத்தைப் படக்கென்று மூடினார். ஆனாலும் அந்த இடம் வரட்டும், இவளும் இளகுவாள் என்று காத்திருந்தார்.

வந்தது. "அதன்பின் அவனை ஒருவரும் காணவில்லை" என்று வாசித்து நிமிர்ந்தாள். அப்போது படலை கிறீச்சிட்டது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வெறும் காற்று.

"அடுத்ததைப் படியன்" என்றார்.

"ஏன்? இதிலை சாவு இல்லையே. மூடலாம்தானே? பயனைச் சொல்லுங்கோ."

வழக்கம் அவருடையது, மறுக்க வழியில்லை. "இளவரசன் எங்கையோ இருக்கிறான்" என்றார்.

மறுநாளும் அதே பக்கம், அதற்கடுத்த நாளும் அதே பக்கம். ஒவ்வொரு மாலையும் படலை அசையும், இருவரும் திரும்புவார்கள். அருளம்பலத்துக்கு வீட்டில் இருக்கவே பயமாக இருந்தது. அவள் மருதனார்மடம் சந்தைக்குப் போன ஒரு காலையில், இன்றைக்கு அடுத்ததை நானே வாசித்துக் காட்டுகிறேன் என்று புத்தகத்தைத் திறந்தார்.

அடுத்த தாள் இல்லை. அடியோடு கிழித்தெடுத்திருந்தாள்.

ஐயோ, வாசித்திருக்கிறாள்! எலும்பையும் கிரியையும் தனியே இருந்து வாசித்திருக்கிறாள். அருளம்பலம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

மாலையில் விளக்கு வைத்துவிட்டு உதயகலா வந்து உட்கார்ந்து அதே பக்கத்தை வாசித்தாள். "பயன் சொல்லுங்கோ."

"இளவரசன் எங்கையோ இருக்கிறான்" என்றார் அருளம்பலம், கோயிலில் சொல்லும் அதே குரலில். பிறகு எழும்பி, படலை திறந்திருக்கிறதா என்று தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.