கட்டுத்தரைச் சுவர்

எங்கள் வீட்டில் நான் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய ஒரே பொருள் அந்த ஏசிதான். நகை கேட்டதில்லை, வண்டி கேட்டதில்லை. பங்குனி பிறந்துவிட்டால் எனக்குத் தலைவலி தொடங்கிவிடும். கொழிஞ்சாம்பாறையும் கேரளம்தானே என்று நம்பிக் குளுமையைத் தேடி வருகிறவர்கள் நன்றாக ஏமாந்து போவார்கள். மழையெல்லாம் மேற்கேயே நின்றுவிடும். காற்று மட்டும் கணவாய் வழியாக வந்து புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகும். பள்ளிக்கூடத் தகரக் கூரைக்குக் கீழே ஐந்து பீரியடு கத்திவிட்டு வந்து, ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு சுருண்டு கிடப்பேன். ஒரு வருடம் வாந்தியும் சேர்ந்துகொண்டபோது, படுக்கையறைக்கு ஏசி வேண்டும், தவணையை என் சம்பளத்தில் நானே கட்டிக்கொள்கிறேன் என்றேன். கணவர் மறுக்கவில்லை. அதற்காக அன்று அவர்மேல் எனக்கு உண்டான பிரியத்தை இப்போது நினைத்தாலும் கோபம்தான் வருகிறது.

ஏசி மாட்டிய அன்று நான் பள்ளியில் இருந்தேன். மாட்டிய மெக்கானிக் கணவரோடு ஒன்றாகப் படித்தவர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னக் கடை வைத்திருப்பவர். மாலையில் வந்து பார்த்தபோது அறை குளிர்ந்து கிடந்தது. வெளியே வைக்கிற பெட்டி எங்கே என்று கேட்டேன். பின்சுவரில், கட்டுத்தரைக்கு மேலே என்றார் கணவர். கட்டுத்தரை என்றால் எங்கள் மாடுகள் கட்டியிருக்கும் இடம். சத்தமெல்லாம் மாடுகளுக்குத்தானே, நமக்கென்ன என்று நான்கூடச் சிரித்தேன்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. அடுத்த கோடையில் காற்று வந்ததே தவிர குளிர் வரவில்லை. மெக்கானிக் வந்தார், குழாயில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார், கேஸ் கசிகிறது என்றார். ஓட்டையை அடைத்து, புதிதாக கேஸ் நிரப்பி, காசை வாங்கிக்கொண்டு போனார். அதற்கடுத்த கோடையிலும் அதே நுரை, அதே கசிவு, அதே காசு. நான்காவது வருடத்தில் கோடை தொடங்குவதற்கு முன்பே அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைக்கப் பழகிவிட்டேன். மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டியிருந்ததை இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன்.

அடுத்த வருடமும் கூப்பிட வேண்டும் என்பதற்காக இந்த ஆள் வேண்டுமென்றே எதையோ பாதியில் விட்டுவிட்டுப் போகிறான் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பிறகு அது சந்தேகமாகவும் இல்லை. திருடன் என்றே சொன்னேன். வீட்டில் சொன்னேன், ஆசிரியர் அறையில் சொன்னேன். பள்ளியின் கம்ப்யூட்டர் அறைக்கு ஏசி வாங்கியபோது அவரைக் கூப்பிடலாம் என்று தலைமையாசிரியர் சொல்ல, நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகவே சொன்னேன். ஏசிக்குக் கீழே கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவர், “காலம் கெட்டுக் கெடக்குது, ஆரையும் நம்ப முடியறதில்ல” என்றார்.

அந்த வாக்கியம் எனக்கு மறக்கவே மறக்காது.

ஆறாவது கோடையில் நிரப்பிய கேஸ் பத்தே நாளில் போய்விட்டது. இனி அந்த மனிதரின் முகத்தில் விழிப்பதில்லை என்று, பொள்ளாச்சியிலிருந்து வேறொருவரை வரவழைத்தேன். கணவர் தோட்டத்துக்குப் போயிருந்தார். வந்தவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. கட்டுத்தரையில் நின்று அண்ணாந்து பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“ஏனுங்க டீச்சர், மாட்டு மூத்திரத்துக்கு மேலயே வெச்சிருக்கீங்களே. அந்த ஆவி செம்பைத் தின்னுருமுங்க. மாட்டுன ஆளு சொல்லலீங்களா?”

பிறகுதான் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த செம்புக் குழாய்ச் சுருளைக் காட்டினார். பச்சை பூத்துப் பொரிந்து போயிருந்தது. எத்தனை முறை அடைத்தாலும் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழும் என்றார். சுருளையே மாற்ற வேண்டும், அதற்குப் புது ஏசியின் பாதி விலை ஆகும், மாற்றினாலும் இந்தச் சுவரில் வைத்தால் வீண் என்றும் சொன்னார்.

நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். மெக்கானிக் ஏதோ ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் கேட்டதற்கு நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னார்.

“மொத நாளே சொன்னனுங்க. வருசா வருசம் சொன்னனுங்க. டீச்சர்கிட்டச் சொல்ல வேண்டாம்னு உங்கூட்டுக்காரர் கையப் புடிச்சிக் கேட்டுக்கிட்டாருங்க. கூடப் படிச்சவன், என்ன பண்றதுங்க.”

காசு வாங்கினீர்களே என்று கேட்டேன். கேஸை அவரும் காசு கொடுத்துத்தானே வாங்க வேண்டும் என்றார். நான் அவரைத் திருடன் என்று சொன்னது அவர் காதுக்கும் வந்திருந்தது. பள்ளிக்கூட ஏசி வேலை கைவிட்டுப் போனது எப்படி என்பதும் தெரிந்திருந்தது. அதை அவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கணவர் ஏன் மறைத்தார் என்பது மட்டும் விளங்கவில்லை. பெட்டியை வைக்க எங்களுக்கு இருந்த வேறு இடம் கிழக்குச் சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரை ஒட்டிய சந்து, பாகம் பிரித்தபோது கணவரின் அண்ணன் பங்கில் போனது. அவர் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் எங்கள் குடும்பத்தில் தம்பி மனைவி, மூத்தவருக்கு எதிரே நின்று பேசுவதில்லை. அங்கே போகும் சொல்லும் அங்கிருந்து வரும் சொல்லும் என் கணவர் வழியாகத்தான். இருபத்திரண்டு வருடம் நானும் அதை மரியாதை என்று நினைத்து அவர் கொண்டுவந்து சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்கள் வீட்டுக்குள் போகாமல் அடுத்த வாசலுக்குப் போனேன். மூத்தவர் சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் வந்து நிற்பதைக் கண்டு யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிப்போனார். ஒன்றுமில்லைங்க மாமா, ஏசிப் பெட்டியைச் சந்துப் பக்கம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க வந்தேன் என்றேன்.

“நான் அன்னைக்கே சொன்னனே அம்மிணி. மாட்டுக்கு மேல வேண்டாம், சந்துல வெச்சுக்கன்னேன். அவந்தான் உம்பட எடம் எனக்கு ஒரு சாண்கூட வேண்டாம்னுட்டுப் போனான்.”

பாகம் பிரித்தபோது கிணற்றுப் பங்கில் அண்ணன் தம்பிக்குள் வந்த முறைப்பு எனக்கும் தெரியும். அது தீர்ந்துபோனது என்று நினைத்திருந்தேன். தீரவில்லை. என் தலைவலியையும் என் சம்பளத்தையும் ஒரு மனிதரின் நல்ல பெயரையும் தின்றுகொண்டு அது உயிரோடு இருந்திருக்கிறது.

கணவரிடம் கேட்டபோது அவர் அதிர்ந்துகூடப் போகவில்லை. இப்போதென்ன, மாற்றிவிட்டால் போயிற்று என்றார். மாற்றினோம். மெக்கானிக்கே வந்து புதுச் சுருள் போட்டு, பெட்டியைச் சந்தில் மாட்டிக் கொடுத்தார். வேலைக்கூலி வேண்டாம் என்றவரிடம் கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மன்னிப்பு அவர் காதில் மட்டும் விழுந்தால் போதாது என்று பட்டது. வருடக்கணக்கில் ஆசிரியர் அறையில் திருடன் என்று சொன்னவள், அதே அறையில்தானே அதைத் திரும்ப எடுக்க வேண்டும். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது எழுந்து நின்று, அவர்மேல் தப்பில்லை, உண்மையை மறைத்தது என் வீட்டுக்காரர்தான் என்றேன். ஒருத்தி மட்டும் டிபன் பாக்ஸை மூடியபடி, இதையெல்லாம் ஏன் டீச்சர் வெளியில் சொல்கிறீர்கள் என்றாள்.

சின்ன ஊர். அடுத்த ஞாயிறு மத்தியானம் சந்தையிலிருந்து திரும்பிய கணவர் நேராகப் படுக்கையறைக்கு வந்தார். நான் படுத்திருந்தேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“நீயே என்னக் காட்டிக் குடுத்துட்டயே” என்றார்.

அவர் செய்ததற்கு என்ன பெயர் என்று தெரியாமல் அத்தனை நாளும் உள்ளுக்குள் அலைந்துகொண்டிருந்தேன். அந்தப் பெயரை அவர்தான் எடுத்துக் கொடுத்தார், என்மேல் வீசுவதற்காக.

“நான் அந்த மெக்கானிக்கத் திருடன்னு சொன்னப்பெல்லாம் இதே எடத்துல உக்காந்து ஆமான்னு தலையாட்டுனீங்களே. அன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் காட்டிக் குடுத்தது ஆருங்க?”

அவர் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கோடையில் கேஸ் கொஞ்சமும் குறையவில்லை, அறை நன்றாகவே குளிர்கிறது. நான் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே படுத்தேன். கொஞ்ச நேரத்தில் தலைவலி வந்தது. அந்த அறைக்குத் திரும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை.