அமரவிளையில் முடிந்த சுற்றுலா

திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்கு நாங்கள் மூன்று குடும்பத்தாரும் பாறசாலையிலிருந்து ஒரே வேனில் கிளம்பினோம். ஓட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாது என்று மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் நானே செய்து எடுத்திருந்தேன். பாதி வழியில், அமரவிளையில் வேன் பழுதாகி நின்றுவிட்டது. பிள்ளைகளின் வாடிய முகத்தைப் பார்க்க எனக்கு அழுகையே வந்தது.

வேன் நின்ற இடத்துக்கு எதிர்வீட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒரு அக்கா வந்து விசாரித்துவிட்டு, தன் வீட்டு கேட்டைத் திறந்தார்.

"மிருகங்களப் பாக்கத்தானே போறீங்க? இங்க ஆடும் முயலும் வாத்தும் உண்டு. உள்ள வாருங்க மக்கா."

பலாமரத்தடியில் பாய் விரித்து, எங்களோடு அவரும் சாப்பிட்டார். மீன்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

வேன் சரியாகும்போது மாலையாகிவிட்டது. "இனி போனா மூடியிருப்பாங்களே" என்றேன்.

"அங்க முயலத் தூக்க விடமாட்டாங்க அம்மா" என்றாள் மகள், மடியிலிருந்த முயலைத் தடவிக்கொண்டே.

இப்போதெல்லாம் குடும்ப ஒன்றுகூடலுக்கு ஆள் எண்ணும்போது அந்த அக்காவையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.