எல்லாருக்கும் குளுக்கோஸ் கொடுத்த பாக்கியம்

செவ்வாய்க்கிழமை காலை, கர்ப்பிணிகள் வரிசையில் ஒரு பெண்ணுக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது பாக்கியத்தின் மகன் போனில் கூப்பிட்டான். "ஆண்ட்டி, அம்மா பூட்டாங்க" என்றான். "சிஸ்டர், கை வலிக்குது" என்று அந்தப் பெண் சொன்ன பிறகுதான் பட்டையிலிருந்து காற்றை இறக்கினேன். மிச்சமிருந்தவர்களையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கடமை உணர்ச்சி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எழுந்தால் அவள் வீட்டுக்குப் போயாக வேண்டும், அவ்வளவுதான்.

மயிலாப்பூரில் எங்கள் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்து போன பலருக்குப் பாக்கியத்தைத் தெரிந்திருக்கும். முதல் மாடி லேபில் இருபது வருடத்துக்கு மேல் இரத்தம் எடுத்தவள். சிந்தாதிரிப்பேட்டைக்காரி. நான் கீழே நர்ஸ். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 'அவர்' என்று மரியாதையாக எழுதிப் பார்த்தேன். யாரையோ பற்றி எழுதுவது போலிருந்தது, அடித்துவிட்டேன். பருமனான உடம்பு அவளுக்கு. இதை முதலிலேயே சொல்லக் காரணம், அவளைப் பற்றி எல்லாரும் முதலில் சொன்னது இதைத்தான். நானும்தான்.

எங்கள் டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கர்ப்பிணி குண்டாக இருந்தால் சர்க்கரைப் பரிசோதனைக்கு எழுதுவார், ஒல்லியாக இருந்தால் விட்டுவிடுவார். "பார்த்தாலே தெரியுமே" என்பார். பாக்கியம் இதற்கு மசியவில்லை. எழுதாத சீட்டுகளைத் திரும்பத் திரும்பக் கீழே அனுப்பி, நச்சரித்து, கடைசியில் எல்லாருக்கும் எழுத வைத்தாள். குளுக்கோஸ் தண்ணீர் குமட்டாமல் இருக்க எலுமிச்சை பிழிந்து கொடுப்பாள். குடித்தவர்களை, இரத்தம் எடுக்கும் வரை, இரண்டு மணி நேரம் பெஞ்சை விட்டு நகர விடமாட்டாள். நான் கேலி செய்தால், "உள்ள ஓடறது வெளிய நிக்கற உனக்கு எப்டி தெரியும் சிஸ்டர்?" என்பாள்.

கோட்டூர்புரத்திலிருந்து ஒரு டீச்சர் வருவாள். குச்சி மாதிரி இருப்பாள். குளுக்கோஸைக் குடித்த கையோடு வாந்தி எடுத்துவிட்டாள். அப்படி எடுத்தால் இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும். நான், "உனக்கெல்லாம் சுகர் வராதும்மா, வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டேன். விஷயம் தெரிந்ததும் பாக்கியம் அந்த வெயிலில் லஸ் பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடினாள். ஓடினாள் என்றால் நம்ப மாட்டீர்கள். நானே ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தேன். மறுநாள் டீச்சர் வந்து மறுபடியும் குடித்தாள். சர்க்கரை இருநூறைத் தாண்டியிருந்தது. பிரசவம் வரைக்கும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு நல்லபடியாகப் பெற்றெடுத்தாள். பாக்கியம் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்தது எடை மெஷின். மெஷின் இருப்பது கூடத்தின் ஒரு கோடியில், அட்டை எழுதுகிற மேஜை மறுகோடியில். நான் இங்கிருந்து கத்துவேன், அங்கே எழுதுவார்கள். வருடக்கணக்காக அப்படித்தான். தி.நகரில் நகைக்கடை வைத்திருக்கும் தெக்கத்திக் குடும்பம் ஒன்றின் மருமகள் ஒருநாள் ஏறி நின்றாள். "எண்பத்தொன்பது" என்று கத்தினேன். கூடமே திரும்பிப் பார்த்தது. கூட வந்த மாமியார், "ரெண்டு உசுருக்குச் சாப்பிடச் சொன்னா, இவ ஊருக்கே சேத்துச் சாப்பிடுதா" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் செருப்பைத் தேடினாள். விட்டிருந்தால் அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டாள்.

சீட்டு வாங்கக் கீழே வந்திருந்த பாக்கியம் நேராகப் போய் மெஷின் மேல் ஏறினாள். "இதையும் கத்து சிஸ்டர். நூறைத் தாண்டிக்கினு போவுது பாரு. கத்து" என்றாள். இறங்கிப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் புள்ளைய சுமந்தப்ப எனக்கு சுகர் இருந்துச்சுமா. தின்னு தின்னு கொழுத்துட்டேன்னு திட்டனாங்க. நான் மறுபடி ஆஸ்பத்திரி பக்கமே போவல. கடைசில ரொம்ப கஸ்டமா பூட்ச்சி. நீ வந்துனே இரு" என்று சொல்லி மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண் ஒரு தடவைகூடத் தவறாமல் வந்தாள். அவளுக்குச் சர்க்கரை இல்லை. அன்றிலிருந்து எடையை நானே அட்டையில் எழுதுகிறேன்.

ஆனால் நான் நிறுத்தியது கத்துவதை மட்டும்தான். போன மழைக்காலத்தில் பாக்கியம் லேபுக்கு ஏறும்போது பாதிப் படியில் உட்கார ஆரம்பித்தாள். ஒருநாள் என் மேஜைக்கு வந்து, "இன்னான்னே தெரீல சிஸ்டர், நாலு படி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு இறுக்கமா கீது" என்றாள். பெரிய வரிசை நின்றது. ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "கொஞ்சம் இளைச்சா எல்லாம் சரியாயிடும் பாக்கியம்" என்றேன். "ஆமா சிஸ்டர்" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மீதியை அவள் மகன் சொன்னான். அடையாறில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் ஸ்டெதஸ்கோப்பைக்கூட வைக்கவில்லையாம். பதினைந்து கிலோ குறைத்துவிட்டு வா, தினமும் நட என்றாராம். சொன்னபடி நடந்திருக்கிறாள். மூச்சு வாங்க, நின்று நின்று, தினமும் காலையில். அந்தச் செவ்வாய்க்கிழமையும் நடந்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள்தான், பிறகு எழுந்திருக்கவில்லை. இதயம் பல மாதமாகவே கெட்டிருக்க வேண்டும், முன்பே பார்த்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்று கொண்டு போன ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

சிந்தாதிரிப்பேட்டையில் அந்தக் குறுகல் சந்தில், அவளை வைத்திருந்த ஐஸ் பெட்டியைச் சுற்றி நின்றோம். "வெயிட் ஜாஸ்திதானே, உடம்ப கவனிச்சிருக்கலாம்" என்று ஒருத்தி என் காதில் சொன்னாள். தூக்க ஆறு பேர் போதாது என்று வெளியே யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். சண்டை போட்டிருக்க வேண்டும். அவள் இருந்திருந்தால் போட்டிருப்பாள். எனக்குத் தெம்பில்லை, யோக்கியதையும் இல்லை. எல்லாருடைய இரத்தத்தையும் பரிசோதித்துத்தான் பேச வேண்டும் என்றவளை, நாங்கள் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டோம்.

எலுமிச்சை பிழிவது, இரண்டு மணி நேரம் காவல் இருப்பது எல்லாவற்றையும் லேபுக்கு வந்திருக்கும் புதுப் பெண் செய்கிறாள். அது அவளோடு இருக்கட்டும். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வியை. நோயாளி எதைச் சொன்னாலும் நர்ஸ் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. பயிற்சியில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது யார் வந்து என்ன சொன்னாலும் பேனாவை வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்கிறேன். பாக்கியத்திடம் நான் அதைக் கேட்கவில்லை.