மூன்றாவது சைகை

ஈரத்துணியால் பாட்மிண்டன் கூடத்தின் பின்கோட்டைத் துடைத்தபடி குனிந்து நகர்கிறார் பாக் வர்தோயோ. இந்தோனேசியாவின் கிளாத்தென் ஊர்த் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர்; ‘பாக்’ என்றால் அங்கே ‘ஐயா’. தன் கோட்டைத் தானே துடைத்தால்தான் அவருக்கு மனசு ஆறும். பிறகு தகர நாற்காலியில் முழங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்துகொள்வார். முப்பது வருஷமாக அவர்தான் கோட்டு நடுவர்.

கோட்டு நடுவருக்குச் சைகை மூன்றே. கோட்டைக் கையால் காட்டினால் உள்ளே. கைகளை விரித்தால் வெளியே. கண்களைப் பொத்திக்கொண்டால், பார்க்கவில்லை. மூன்றாவதை அவர் காட்டியதே இல்லை. “கண்ணைப் பொத்திக்கவா என்னை உட்கார வெச்சீங்க?” என்பார். அதெல்லாம் என்ன காலம்! மூங்கில் கழியில் நாலே நாலு மஞ்சள் பல்பு, வேகவைத்த வேர்க்கடலை வாசனை. அவர் கை எழுந்தால் கூடமே வாயை மூடிக்கொள்ளும்.

நெல் ஆலையிலிருந்து பறந்த ஓர் உமி வலக்கண்ணைக் கெடுத்தது. இடக்கண் பிறந்ததிலிருந்தே மங்கல். யாரோ இறந்தவர் கொடுத்த கருவிழியை வைத்துத் தைத்தார்கள். தையல் பிரித்த பிறகு வெளிச்சம் வந்தது. ஆனால் கோடு இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடிக்கும் அடங்கவில்லை. வெளியே சொன்னால் நாற்காலி போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை மனுஷன்.

போன ஆகஸ்டில் சுதந்திரதினப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், டெம்பே என்னும் சோயாக் கட்டி விற்கும் சுலாஸ்த்ரி, வெளியே போகும் என்று அடிக்காமல் விட்ட பந்தை ‘உள்ளே’ என்று காட்டினார். அவள் தோற்றாள்.

“பாக், நல்லா வெளியதானே விழுந்துச்சு!”

“நான் பாத்தேம்மா.”

அந்தப் பொய் அவரைத் தூங்கவிடவில்லை. அதன்பின் வீட்டுக்கு டெம்பே கொண்டுவந்தாலும் அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மனைவி துமீராவோடு யோக்யகர்த்தா நகரத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். “புதுக் கருவிழி சீரா வளையல பாக், முட்டை மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கிட்டிருக்கு. அஸ்டிக்மாட்டிசம்னு பேரு. லேசரால செதுக்கலாம். முழுசா சரியாகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்,” என்றாள் டாக்டர்.

“வெச்ச விழியும் கெட்டுப்போச்சுன்னா? இருக்கற பார்வை போதாதா உங்களுக்கு?” துமீரா அழுதுவிட்டாள்.

“ரெண்டு கோட்டை வெச்சுக்கிட்டு நான் எந்தக் கோட்டுக்கு நடுவர், சொல்லு!”

லேசர் சில நிமிஷ வேலை. பார்வை தெளிய மாதங்கள் ஆயின. ஒருநாள் காலை வாசல் மின்கம்பி ஒற்றையாகத் தெரிந்தது. அப்படியே நின்று அழுதார்.

இந்த ஆகஸ்டிலும் இறுதி ஆட்டத்தில் சுலாஸ்த்ரி. அவள் ஜெயிக்க ஒரே புள்ளி பாக்கி. கோடு பளிச்சென்று ஒன்றாய், பழைய நாட்களைப் போலவே கிடந்தது. அவள் அடித்த பந்து எதிராளியின் தலையைத் தாண்டி வந்தது. எதிராளி பின்னால் ஓடிவந்து சரியாக அவர் முன்னே மறித்து நின்றுவிட்டாள். அவள் விலகியபோது பந்து கோட்டோரம் உருண்டு கிடந்தது. எங்கே விழுந்தது?

‘உள்ளே’ என்று காட்டினால் கோப்பை சுலாஸ்த்ரிக்கு. இத்தனை நாள் நெஞ்சில் உறுத்தியதும் தீரும். யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. வலைக்கு அப்பாலிருந்து, இந்த ஒரு வருஷத்தில் முதல்முறையாக, அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

பாக் வர்தோயோ முதுகை நிமிர்த்தினார். இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கி, கண்களைப் பொத்திக்கொண்டார்.