எனக்கென்று அடித்த கேக்

வீட்டில் கேக் அடித்துக் கொடுக்கிறவளுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று தனித்தனி மாதங்கள் கிடையாது; தீபாவளிக்குச் சூடாகிற ஓவன் பொங்கலுக்குத்தான் ஆறும்.

மா அப்பிய கையால் போனை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டே "ஓம், சொல்லுங்கோ" என்று இனிமையாகப் பேசுகிற சகோதரிகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. ஒரு ஆறுதலுக்காக வாசியுங்கள்.

முதலில் என் பெயரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அதை யாரும் சொல்வதில்லை. சுகந்தி. எங்கள் வாய்க்கால் கரை ஒழுங்கையில், இந்தக் குறுந்தெருவில், நான் 'கேக் அக்கா'. மூத்தவர்களுக்குப் 'பிள்ளை'. என் கணவருக்கு 'இஞ்சேரும்'. நான் பிறந்தது நத்தார் தினத்தில், கிறிஸ்மஸ் அன்று. ஊரே கேக் கேட்கிற நாளில் பிறந்தவளின் பிறந்தநாள் யாருக்கு ஞாபகம் இருக்கும்? இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரையும் ஐசிங்கால் எழுதியிருக்கிறேன், என் பெயரை ஒரு தடவைகூட எழுதியதில்லை. போன வருடம் மழை தொடங்கும்போதே முடிவெடுத்தேன்: இந்த முறை எனக்கென்று ஒரு றிச் கேக். வெட்டாத முழுக் கேக். மேலே சிவப்பு எழுத்தில் என் பெயர். வேறு ஒன்றும் வேண்டாம்.

முட்டை போடாத முட்டைக் கேக்

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு மகேஸ் அக்காவுடையது. நாட்காட்டியில் உள்ள ஒரு விரதத்தையும் அவா விடமாட்டா. தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி தொடங்க, அதற்குள் அவாவின் பேரனுடைய பிறந்தநாளும் வந்து விழுந்தது. "முட்டை ஒண்டும் போடக்கூடாது பிள்ளை. ஆனா முட்டை போட்ட மாதிரிப் பொங்கி வரவேணும்" என்று சொல்லிவிட்டு, முட்டை படாத பாத்திரம் என்று தன் வீட்டுப் பேசினையும் அகப்பையையும் கொண்டுவந்து தந்தா. கேக் அடிக்கிற பீற்றருக்கும் முட்டை பட்டிருக்கும்தானே என்று ஒரு சந்தேகம் வேறு. ஆகவே கையால் அடிக்கவேண்டி வந்தது. நான் அடிக்க அடிக்க, அவா குசினி யன்னலுக்கு வெளியே குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

தயிரும் சோடாவும் போட்டு, முருகனையும் துணைக்குக் கூப்பிட்டு, எப்படியோ பொங்க வைத்துவிட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை. தோள்மூட்டு இரண்டு நாளாக வலித்தது. அந்த வலியோடு, அவா வாயால் ஒரு நல்ல சொல் வரும் என்று காத்திருந்தேன். மறுநாள் பேசினை எடுக்க வந்தவா சொன்னா: "நல்லாத்தான் இருந்தது பிள்ளை. ஆனா ஒரு முட்டை மணம்கூட இல்லையே, பிறகு என்ன கேக் அது?"

கருகின கதை

துணுக்காயில் இருந்து ஒரு ஐயா பஸ் ஏறி வந்தார். நெல்லு விதைத்துவிட்டு வந்த காலோடு வந்தவர். மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டார் வேதக்காரர்களாம், நத்தாருக்கு நல்ல கேக் ஒன்றோடு போய் நிற்கவேண்டுமாம். மிகவும் மரியாதையான மனிதர். ஆளைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. ரவை, பிளம்ஸ், கஜு, சீனியில் ஊறின பூசணி என்று ஒன்றையும் குறைக்காமல் றிச் கேக் அடித்து வைத்தேன்.

குறித்த நாளில் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். றிச் கேக் என்றால் கறுத்துத்தான் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் விளங்கப்படுத்தினேன். சீனிப்பாகு என்றேன், பழம் என்றேன், ஊறின வாசத்தை மணந்து பாருங்கோ என்றேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, பெட்டியைப் பக்குவமாக மூடிக் கையில் எடுத்துக்கொண்டு, என்னை இரக்கத்தோடு பார்த்துச் சொன்னார்: "கருகினதை மறைக்கவேண்டாம் தங்கச்சி. எங்கட வீட்டிலயும் சோறு அடிப்பிடிக்கிறதுதான்."

அலுமாரிக்கு மேலே

அவருக்கு அடித்த அதே நாளில்தான் எனக்கான கேக்கையும் அடித்தேன். றிச் கேக் பொறுமை பார்க்கிற சாமான். சுற்றி வைத்து நாள் போகப் போகத்தான் ருசி ஊறும். எண்ணெய்த்தாள் சுற்றி, பிஸ்கட் டின் ஒன்றில் அடைத்து, அறை அலுமாரிக்கு மேலே வைத்தேன். வேலை நடுவில் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் அண்ணாந்து ஒரு பார்வை பார்ப்பேன். அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

என் கணவர் வயலில் நனைந்து, பசியோடு வந்த ஒரு பின்னேரம் அந்த டின்னைக் கண்டுவிட்டார். கையை நீட்டியவரை ஓடிப்போய் மறித்தேன். "தொடாதேங்கோ, அது என்ர பிறந்தநாளுக்கு" என்றேன். மனிதர் கெட்டவர் இல்லை. கையை எடுத்துவிட்டார். துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு, உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார்: "உமக்கேன் கேக்? நீர்தானே கேக் அடிக்கிறனீர்?"

கனடா விடியும்வரை

அடுத்த ஒழுங்கையில் ஒரு பெண் பிள்ளைக்குப் பிறந்தநாள். மயில் கேக் வேண்டும் என்று அது ஒற்றைக் காலில் நின்றது. நீலமும் பச்சையுமாக பட்டர் ஐசிங்கில் தோகை விரித்து, கழுத்தை நிமிர்த்தி, கொண்டைகூட வைத்துக் கொண்டுபோய் மேசையில் இறக்கினேன். வெட்டச் சொன்னால் தாய் வெட்ட விடவில்லை. தகப்பன் கனடாவில். இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்து வீடியோவில் பார்த்தால்தான் வெட்டலாம். அங்கே விடியும்போது இங்கே பொழுது சாய்கிற நேரம் என்பது எனக்கும் தெரியும், ஐசிங்குக்குத் தெரியாது.

தொப்பி போட்ட பிள்ளைகள் சுற்றி நின்றன. மழைப் புழுக்கம். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் நின்றது. காற்றாடி ஓய, மயில் மெல்ல மெல்லத் தலையைக் குனிந்தது. தோகை வழுகி வாலோடு ஒட்டியது. நான் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு கழுத்தைத் தாங்கிப் பிடித்தபடி நின்றேன். யாராவது அந்த நிலையில் என்னைப் படம் எடுத்திருந்தால் இந்தத் தொழிலை அன்றைக்கே விட்டிருப்பேன். கடைசியில் கனடா விடிந்தது. தகப்பன் திரையில் வந்து, கண்ணைக் கசக்கிப் பார்த்து, மனம் நிறைந்து சொன்னார்: "தாரா வாத்து நல்ல வடிவா இருக்கக்கா. பிள்ளை மயிலெல்லோ கேட்டவ?"

பனி விழுந்த ஊர்

ஒரு அலுவலகத்தில் நத்தார் ஒளிவிழா. அங்கே வேலை செய்கிற தம்பி ஒருவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். மலைச் சரிவு, ஊசி இலை மரங்கள், கூரையெல்லாம் பனி. "இதே மாதிரி வேணும் அக்கா, அப்பிடியே இருக்கவேணும்" என்றார். வெளியே மழை சோ என்று ஊற்றிக்கொண்டிருந்தது. குளம் நிரம்பி வான் பாய்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போகிறார்கள். இந்த ஈரத்தில் அரைத்த சீனி நிற்காது தம்பி என்றேன். "லண்டனில நிக்குதே அக்கா" என்றார்.

வீடு கட்டினேன், மரம் நட்டேன், சீனியை அரித்துப் பனி தூவினேன். கொஞ்ச நேரம் உண்மையிலேயே வடிவாக இருந்தது, எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு பனி ஈரத்தை உறிஞ்சிப் பாகாகி, சரிவால் இறங்கி, வீட்டு வாசலில் தேங்கியது. ஒரு மரம் சாய்ந்தது. தம்பி வந்து பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். சாய்ந்த மரத்தை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "பரவாயில்லை அக்கா. வெள்ளம் வந்த எங்கட ஒழுங்கை மாதிரியே இருக்கு, எல்லாருக்கும் விளங்கும்."

வாய்க்காலுக்குப் போன குடில்

ஸ்ரெலா ரீச்சர் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவா. நடுச்சாமப் பூசை முடிந்து எல்லோரும் கூடி வெட்டுவதற்குப் பெரிய றிச் கேக் ஒன்றும், அதற்கு மேலே ஐசிங்கில் பாலன் குடிலும் கேட்டிருந்தா. மாடு, ஆடு, வைக்கோல், நட்சத்திரம் எல்லாம் செய்து கொடுத்தேன். நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் ஸ்கூட்டியில் வந்தா. ஓட்டோவில் கொண்டுபோங்கோ ரீச்சர் என்று கெஞ்சினேன். "பக்கத்திலதானே" என்று பெட்டியைக் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டா.

அவா போன கையோடு நான் என் கேக்கைக் கீழே இறக்கினேன். வெள்ளை ஐசிங் ஏற்கெனவே பூசிக் காய்ந்திருந்தது. சிவப்பை எடுத்து எழுதினேன்: சுகந்தி. எத்தனையோ பெயர் எழுதினவள், முதலில் ஒரு தாளில் எழுதிப் பழகிவிட்டுத்தான் எழுதினேன், சொன்னால் சிரிப்பீர்கள். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ரீச்சரின் குரல். சீலை முழுக்கச் சேறு. மதகுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்ததாம், ஸ்கூட்டி சறுக்கியதாம். ஆளுக்கு ஒன்றும் இல்லை. குடில், மாடு, ஆடு, பாலன் எல்லாம் வாய்க்காலோடு போய்விட்டன. "பாட்டுப் படிக்கிற பிள்ளையள் எல்லாம் கேக் எங்க எண்டு கேக்குங்கள். அதுகளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று படியிலேயே இருந்து அழத் தொடங்கினா.

றிச் கேக் ஒரு பின்னேரத்தில் ஆகிற காரியமா? வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். எனக்கு வந்த கோபத்தில் வாய்க்காலைத் திட்டினேன், ஸ்கூட்டியைத் திட்டினேன், எல்லாம் மனதுக்குள்தான். பிறகு ரீச்சரின் கண் முன்னாலேயே கத்தியை எடுத்துப் பெயரைச் சுரண்டினேன். ஆனால் சிவப்புச் சாயம் வெள்ளை ஐசிங்குக்குள் இறங்கினால் இலேசில் போகாது. மேலால் மெல்லிசாக வெள்ளை பூசி, அதற்கு மேல் பச்சையில் 'நத்தார் வாழ்த்துகள்' என்று எழுதிக் கொடுத்தேன். ரீச்சர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னா. இந்த முறை ஓட்டோவில் ஏறினா. ஏறி இருந்துகொண்டு கேட்டா: "ஆர் இந்தச் சுகந்தி? பாவம், அவவுக்கு வேற ஒண்டு அடிச்சுக் குடுங்கோ கேக் அக்கா."

விரதத் தட்டு

அந்த வருடம் நத்தாரும் திருவெம்பாவையும் ஒன்றாக வந்தன. எங்கள் ஒழுங்கை முழுக்க விரதம். கேக் அடிக்கிறவளுக்கு ருசி பார்க்காமல் தொழில் இல்லை என்பதால் எங்கள் வீடு மட்டும் விலக்கு. நத்தார் காலையில் நான் குசினியில் ஒரு கதிரையைப் போட்டு, காலை நீட்டி, தேத்தண்ணியோடு இருந்தேன். ஓவன் மூடிக் கிடந்தது. வீட்டில் ஒரு துண்டு கேக் இல்லை. கணவர் வயலில் வெள்ளம் பார்க்கப் போய்விட்டார். பிறந்தநாள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததைவிட, நான் அதை எதிர்பார்த்துக்கொண்டு இருந்ததுதான் எனக்குக் கூடுதல் எரிச்சலாக இருந்தது.

மகேஸ் அக்கா ஒரு தட்டை மூடிக்கொண்டு வந்தா. நத்தாருக்கு வேதக்கார வீடுகளில் இருந்து எங்கள் வீடுகளுக்குத் தட்டு வருவதும், பொங்கலுக்கு இங்கிருந்து அங்கே தட்டுப் போவதும் வழக்கம்தானே. வந்த தட்டைத் திருப்பி அனுப்பவும் கூடாது, விரதக்காரர் முட்டை போட்ட கேக்கைத் தொடவும் முடியாது. "ஸ்ரெலா ரீச்சர் வீட்டில இருந்து முன் வீட்டுக் கௌரிக்கு வந்ததாம். கௌரி விரதம், பக்கத்து வீட்டுக்குக் குடுத்தவ. அவையும் விரதம், என்னட்டைத் தந்தவை. நான் எங்க சாப்பிடுறது? விரதம் இல்லாத வீடு உன்ர வீடு ஒண்டுதானே" என்று தட்டை நீட்டினா.

மூடியைத் திறந்தேன். கறுத்த துண்டுகள், மேலே வெள்ளை ஐசிங். ஒரு துண்டில் பச்சை எழுத்தின் ஒரு கோடு. அதற்குக் கீழே, ஈரத்தில் ஊறி மேலே வந்திருந்தது இளஞ்சிவப்பில் ஒரு 'சு'. நான் எழுதுகிற 'சு'வின் வால் எனக்குத் தெரியாதா? சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்தத் துண்டை எடுத்து அப்படியே வாயில் வைத்தேன். நன்றாக ஊறியிருந்தது. சொன்னால் தற்பெருமை, ஆனாலும் சொல்கிறேன், அருமையான கேக். நான் சாப்பிடுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற மகேஸ் அக்கா, நல்ல எண்ணத்தோடுதான் சொன்னா: "டவுனில எடுத்த கேக்காக்கும். நல்லா ருசிச்சுச் சாப்பிட்டுப் பார் பிள்ளை, நீயும் ஒருக்கா உப்பிடி அடிக்கப் பழகலாம்."

ஊருக்கெல்லாம் கேக் அடிக்கிறவளுக்கும் பிறந்தநாள் கேக் ஒருநாள் வரத்தான் செய்யும், ஊரே விரதம் இருந்தால்.