நலத்தைக் கடைசியில் வைத்த கடிதம்

நேற்று கும்மிடிப்பூண்டியில் என் அச்சகத்துக்குள் நுழையும்போது, ஒரு ஆள் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், நெஞ்சு படபடக்கும். டாக்டர் ரத்த அழுத்தம் என்கிறார். அவருக்கு என்ன தெரியும்? இது ஐம்பதுகளில் திருவள்ளூரில் பிடித்துக்கொண்ட படபடப்பு.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இன்றைக்கு நாலு மெஷின் ஓடுகிறது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: எம்.ஏ. படித்தவன்கூட வாசகம் சரியா என்று என்னிடம்தான் கேட்பான். என் தமிழ் முழுக்க அச்செழுத்துக் கோத்துக் கோத்து வந்தது. அதிலும் பாதி, செத்தவர்கள் தயவு. திருவள்ளூரில் நான் எழுத்துக் கோத்த அச்சகத்துக்குக் கருமாதிப் பத்திரிகைதான் பிழைப்பு. சுற்றுப்பக்கம் யார் போனாலும் பதினாறாம் நாளுக்குக் கறுப்புக் கரை போட்ட தாளில் நாலு வரி இரங்கற்பா வேண்டும். கல்யாண வாழ்த்து சப்பென்றிருக்கும்; வாழ்க, வளர்க, முடிந்தது. காதல் எல்லாம் இரங்கற்பாவில்தான் ஐயா இருந்தது. பெண்டாட்டியை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிடாத ஆள்கூட அதில் 'கண்ணே' என்றிருப்பான்.

அப்போது என் மனைவி எட்டு மாதம். பள்ளிப்பட்டில் தாய்வீட்டில் இருந்தாள். அவளை அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. யாரோ ஒரு நிலக்காரர் இறந்துபோன மனைவிக்குப் போட்ட இரங்கற்பாவை எடுத்துக்கொண்டேன்.

நீ இருந்த இடம் வெறுமை,
நீ அழைத்த பேர் ஊமை,
ஆவி சோருதே அன்பே,
இனி என்று காண்பேன்?

நல்ல கெட்டித் தாளாக இருக்கட்டும் என்று மிச்சம் கிடந்த கருமாதித் தாளையே எடுத்தேன். மூன்று பக்கம் கறுப்பை வெட்டினேன். நாலாவதையும் வெட்டினால் தாள் சிறுத்துவிடும் என்று விட்டுவிட்டேன். நாளெல்லாம் அதையே பார்க்கிற கண்ணுக்கு அது வெறும் கோடு. ஊரில் எல்லாரும் 'நலம், நலமறிய ஆவல்' என்று கடிதத்தைத் தொடங்குவார்கள். கவிதை மேலே இருந்தால்தான் எடுப்பு என்று நலத்தைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தேன். கெட்டிக்காரன் இல்லையா!

மூன்று நாளில் பதில் வரவேண்டும். மூன்று போய் நாலும் போயிற்று. கவிதை பிடிக்கவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன், பாருங்கள் என் கர்வத்தை. பிறகுதான் பிரசவ பயம் வந்தது. எழுத்துகள் விரலில் நிற்காமல் சிதறின.

ஐந்தாம் நாள் மாமனார் வந்து நின்றார். மண்ணெண்ணெய்த் துணியோடு எழுத்துப் பெட்டி முன்னால் நின்ற என் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"உயிரோட கீறியா?"

"இன்னா மாமா, அவளுக்கு இன்னா ஆச்சு?"

"அவளுக்கு இன்னா ஆச்சா? பாவி, நீ செத்துட்டேன்னு ஊரே அழுதுகினு கீது!"

அந்த வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் படித்துக் காட்டுவார். என் கடிதம் தாமதமாகி முந்தின நாள்தான் போய்ச் சேர்ந்திருந்தது. கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் அவர் குரல் தானாக இறங்கிவிட்டது. 'வெறுமை' என்று இழுத்து, 'ஊமை' என்று அவர் நிறுத்தியபோது மாமியார் மாரில் அடித்துக்கொண்டார். சாவுக் கடிதத்தை எங்கள் பக்கம் வீட்டில் வைக்க மாட்டார்கள். பிடுங்கிக் கிழித்துவிட்டார்கள். என் நலம் கிழிந்த துண்டில் போயிற்று.

"நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. புள்ள அசையலன்றா. வா, வந்து மூஞ்சக் காட்டு."

முதலாளி மேஜையிலிருந்தே சொன்னார்: "போ கவிராயரே. திரும்பி வர்ற வரைக்கும் ஒண்ணும் எழுதாத."

ரயில் திருவாலங்காடு தாண்டியது. மாமனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உயிரோட கீறவளுக்கு எவனாச்சும் ஆவி சோருதுன்னு எழுதுவானா?"

எனக்குள் அந்த நாலு வரி தபால்காரர் குரலில் ஓடிக்கொண்டேயிருந்தது. ஒரு சொல் மாறவில்லை. எழுதும்போது ஆசையாக இருந்தது, அவர் வாயில் ஒப்பாரியாகிவிட்டது. முதலில் அது செத்த பெண்ணுக்கு எழுதியதுதானே. இவளுக்கும் அதுவே ஆகிவிடுமோ?

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அழவில்லை.

"எழுதனத உன் வாயால சொல்லு."

வாயைத் திறந்தேன். மனப்பாடமாக இருந்ததில் ஒரு வரி வரவில்லை. "சோறு துன்னியா?" என்றுதான் வந்தது. "வெயில்ல நிக்காத. கொடம் தூக்காத."

"இத எழுதறதுக்கு இன்னா கேடு உனக்கு?" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

மாமியார் கஞ்சி கொண்டுவந்தார். பாதி குடித்ததும் என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அந்த நேரத்தின் நீளம் எனக்குத்தான் தெரியும். பிறகு உள்ளேயிருந்து ஒரு உதை.

உதைத்தவன்தான் இன்று மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறான். போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்தபோது, "அம்மாவுக்கு நாலு வரி நீயே எழுது நைனா" என்றான். காகிதத்தோடு உட்கார்ந்தேன். எத்தனை இரங்கற்பா கோத்த கை இது! ஆவி, அன்பே எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் அவள் காதில் போட முடியாது, சிரிப்பாள். அவள் பேரையும் நாளையும் மட்டும் அச்சடித்தோம். நடுவில் நாலு வரி அளவுக்கு வெள்ளையாகக் கிடந்தது. அச்சில் விட்டுப்போச்சா என்று ரெண்டு பேர் கேட்டார்கள். அங்கே வரவேண்டிய 'சோறு துன்னியா'வைக் கேட்டுக்கொள்ள ஆளில்லை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?